எழுந்து நடக்கச் சில எளிய வழிகள்

பாறைக்கொல்லை,
ஜவ்வாது மலை.
4.8.2024

அன்புள்ள அபிநயா அப்பாவுக்கு,

பூவிழி எழுதுவது. நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள்.

குடகில் காப்பித் தோட்ட வேலை என்று சொல்லித்தான் நீங்களும் என் தம்பி தங்கவேலும் ஆனி மாதம் பஸ் ஏறினீர்கள். போன செவ்வாய்க்கிழமை ஊராட்சி ஆபீசில் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். செம்மரம் வெட்டியதாக ஆந்திராவில் பிடிபட்ட பதினொரு பேர் பெயர் அதில் இருந்தது. மூன்றாவது பெயர் உங்களுடையது. நான் அங்கே அழவில்லை. அழுதால் நீங்கள் செய்ததாக நானே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று பட்டது.

அந்தப் பதினொன்றில் தங்கவேல் பெயர் இல்லை. வேறு பெயர் சொல்லிவிட்டானா? வேறு சிறையில் வைத்திருக்கிறார்களா? அம்மா தினமும் யாரிடமாவது சொல்லி அனுப்பிக் கேட்கிறாள்.

போளூர் போனபோது இலவச வக்கீலிடம் போனில் பேசினேன். உங்கள் முழங்காலில் கட்டு போட்டிருப்பதாகச் சொன்னார். சிறையிலிருந்து வாரம் ஒருமுறை போன் பேச விடுவார்களாம். நம் ஊரில்தான் டவர் எடுக்காதே. அதனால் கடிதம்தான்.

தங்கவேலைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பூவிழி


சிறை,
27.8.2024

அன்புள்ள பூவிழிக்கு,

நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. உன் கடிதம் பதினெட்டு நாள் கழித்துக் கைக்கு வந்தது. இங்கே எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த வார்டர் ஒரே ஒருவர். அவர் லீவில் போனால் தமிழ்க் கடிதங்கள் அவருக்காகக் காத்துக் கிடக்கும். எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொள்.

ஒரு கொட்டடியில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். சாப்பாடு பரவாயில்லை, காரம்தான் அதிகம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் முற்றத்தில் விடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முழங்கால் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு பாதமும் வீங்குகிறது. அழுத்தினால் குழி விழுகிறது. ஊரில் விறகுக்கும் தேனுக்கும் நாள் முழுக்க ஏறி இறங்கியவனுக்கு இங்கே சுவரில் சாய்ந்து கால் நீட்டினால் பொழுது போய்விடுகிறது. எழுந்திருக்கத் தோன்றுவதில்லை.

சாமைக்குக் களை எடுத்தாயா? காட்டுப்பன்றி இறங்கினால் தனியாக விரட்டப் போகாதே. பள்ளிக்கூடத்தில் யாராவது பாப்பாவிடம் என்னைப் பற்றி ஏதாவது கேட்டால் அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்றே சொல்லட்டும். உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

பூபாலன்


பாறைக்கொல்லை,
15.9.2024

அன்புள்ள அபிநயா அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். களை எடுத்து முடிந்தது. பன்றி வரவில்லை.

உங்கள் பாதம் வீங்குவதைப் படித்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. நான் சுகாதார வேலைக்காக வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கும்போது அப்படி வீங்கிய கால்களை நிறையப் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை வண்டியில் வருகிற பிசியோதெரபி ரம்யா மேடத்திடம் கேட்டேன். அவர் சொன்னார்: "உக்காந்தே இருக்கறவருகிட்ட போய் எக்சர்சைஸ் பண்ணுங்கன்னு சொல்லாதீங்க பூவிழி. பயந்துடுவாங்க. வெளையாட்டுன்னு சொல்லுங்க."

அதனால் விளையாட்டாகவே செய்யுங்கள். உட்கார்ந்தபடி காலைத் தூக்கி, கட்டை விரலால் காற்றில் அபிநயா என்று எழுதுங்கள். வலது காலால் ஒருமுறை, இடது காலால் ஒருமுறை. இடது காலில் எழுதினால் எழுத்து கோணலாக வரும், வரட்டும். பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் எழுந்து போய்க் குடியுங்கள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். யாராவது பாடினால் குதிகாலால் தாளம் போடுங்கள்.

பாப்பாவுக்கும் ஒரு யோசனை இருக்கிறது. அவள் பள்ளிக்கூடத்தில் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வருகிற ஆட்டம் ஆடுகிறார்கள். நடுவில் நிற்பவன் துணிப்பந்தால் அடித்தால் அவுட். "அப்பா இருக்கற எடத்துல சொவரு இருக்குமில்ல?" என்று கேட்டாள். நிறைய இருக்கும் என்றேன்.

போன கடிதத்தில் தங்கவேலைப் பற்றிக் கேட்டிருந்தேன். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தார்களா? அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறேன். எழுதுங்கள்.

பூவிழி


சிறை,
9.10.2024

அன்புள்ள பூவிழிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தாய். நானும் முன்னைக்கு இப்போது நன்றாக இருக்கிறேன்.

நீ எழுதிய விளையாட்டையெல்லாம் இங்கே ஆரம்பித்துவிட்டோம். கிழிந்த லுங்கியைச் சுருட்டி, சாக்கு நூலால் கட்டிப் பந்து செய்தாயிற்று. காவலூர்ப் பக்கத்துக் கண்ணாயிரம் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஐம்பத்தெட்டு வயது. அவர்தான் முதலில் ஓடினார். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். இந்தக் கொட்டடியில் ஒருவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இப்போது தினமும் காலையில் முற்றத்தில் இரண்டு கட்சி பிரித்து ஆடுகிறார்கள். தெலுங்குக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மழை பெய்தால் உள்ளேயே பாட்டுக்குக் குதிகால் தாளம் போடுகிறோம். சத்தம் கேட்டு வார்டர் வந்து எட்டிப் பார்த்தார். தடுக்காமல் போய்விட்டார்.

நானும் ஒரு நாளைக்கு நூறு தடவை சுவரைத் தொட்டுத் திரும்புகிறேன். வீக்கம் வற்றிவிட்டது. பாப்பாவிடம் அவள் சொன்ன ஆட்டம்தான் இங்கே எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று சொல்.

நீ மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போகாதே.

பூபாலன்


பாறைக்கொல்லை,
10.11.2024

அபிநயா அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. இடையில் எனக்குக் காய்ச்சல். நாலைந்து நாள் வேலைக்கும் போகவில்லை. இப்போது தேவலை.

சாமை அறுத்தாயிற்று. பாப்பா கால் பரீட்சையில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். நீங்கள் நூறு தடவை ஓடுவதாக எழுதியதை வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எங்கே ஓடுகிறார் என்று மட்டும் சொல்லவில்லையாம்.

வருகிற 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறேன். வக்கீல் மூலம் மனு கொடுத்திருக்கிறேன். நேரில் பேச வேண்டியது இருக்கிறது.

பூவிழி


சிறை,
18.11.2024

அன்புள்ள பூவிழிக்கு,

காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். இப்போது எப்படி இருக்கிறது?

நீ வர வேண்டாம். போளூர், வேலூர் என்று மூன்று பஸ் மாற வேண்டும். உடம்பு சரியில்லாதவள் அவ்வளவு தூரம் எதற்கு அலைய வேண்டும்? இங்கே கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர் நின்று கத்துவார்கள். பேசுவது ஒன்றும் காதில் விழாது. நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ எப்போதும் எழுதுகிற ஒரு வரி இந்த முறை இல்லாதது போல இருந்தது. மறந்திருப்பாய்.

பூபாலன்


பாறைக்கொல்லை,
25.11.2024

அபிநயா அப்பாவுக்கு,

வர வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கடிதம் நான் போய்த் திரும்பிய பிறகுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிறை வாசலில் இருந்தேன். டோக்கன் கொடுத்தார்கள். என் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு மணிக்குத் தமிழ் பேசுகிற வார்டர் வந்தார். "உங்க வூட்டுக்காரு வரலம்மா. நடக்க முடியலங்கறாரு" என்றார்.

"தினம் நூறு தடவை ஓடறாருங்களே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாகுது, கெளம்பும்மா" என்றார்.

கொட்டடியிலிருந்து அந்தக் கம்பி வலைக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?

பூவிழி


சிறை,
6.12.2024

மகள் போன்ற பூவிழிக்குக் கண்ணாயிரம் எழுதிக்கொள்வது.

நீயும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என்னை உனக்குத் தெரியாது. பூபாலன் என் பெயரை எழுதியிருப்பான். உறையின் மேலிருந்த விலாசத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது. கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

நீ சொல்லி அனுப்பிய ஆட்டங்களால் எங்களுக்கெல்லாம் நல்லது நடந்தது அம்மா. எனக்கு மூட்டுப் பிடிப்பு விட்டுப்போயிற்று. வயிறும் ஒழுங்காக இருக்கிறது. பந்து செய்தவன் உன் புருஷன். ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டு யார் எத்தனை தடவை தொட்டார்கள் என்று எண்ணுவான். ஆனால் ஒருநாளும் அவன் ஆடியதில்லை.

அவன் தானாக எழுந்து நின்றே எத்தனையோ நாள் ஆகிறது. கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டு போகிறான். முற்றத்துக்கு நாங்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவோம். டாக்டர் இரண்டு முறை பார்த்தார். முழங்கால் ஆறிவிட்டது, ஒரு குறையும் இல்லை, நடக்காமலே இருந்தால் சதை கரைந்து பிறகு நிஜமாகவே நடக்க முடியாமல் போகும் என்றார். ஆடுசதை இப்போதே என் முன்கை அளவுக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் ஒரு பையன் தன் மாமன்காரனைப் பார்த்து "மாமா, ஓடு ஓடு" என்று கத்தினான். பூபாலன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். "இன்னாடா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே" என்றான். ஆட்டம் முடிந்த பிறகும் அவன் தலை நிமிரவில்லை.

உன் கடிதத்துக்கு மட்டும்தான் அவன் நிமிர்ந்து உட்காருகிறான். நீதான் ஏதாவது எழுத வேண்டும்.

கண்ணாயிரம்


பாறைக்கொல்லை,
18.12.2024

அபிநயா அப்பாவுக்கு,

கண்ணாயிரம் அண்ணன் எழுதியிருந்தார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் மறந்துபோய் தங்கவேலைப் பற்றிக் கேட்கிற வரியை விடவில்லை. அவன் உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரியும். அக்டோபர் பதினேழாம் தேதியிலிருந்து தெரியும்.

ஆடு மேய்க்கிறவர்கள் பள்ளத்தில் பார்த்துச் சொன்ன உடல். ஜூலை மாதமே எடுத்து, யாரென்று தெரியாமல் புதைத்துவிட்டார்கள். சட்டைக் காலரில் போளூர் டெய்லர் கடைப் பெயர் இருந்ததால் இத்தனை நாள் கழித்துப் போலீஸ்காரர்கள் தேடி வந்தார்கள். நானும் சித்தப்பாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். மேசை மேல் சட்டையை விரித்துக் காட்டினார்கள். இரண்டாவது பட்டன் வேறு நிறம். அதை நான்தான் தைத்தேன். "யாரும்மா?" என்று கேட்டார்கள். "என் தம்பி" என்றேன். அதற்கு மேல் என்ன கேட்டார்கள் என்று நினைவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேனே, அது இதுதான்.

உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன். எல்லாரும் சிதறி ஓடியிருப்பீர்கள், அவன் எங்கோ தப்பித்துப் போயிருப்பான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். இப்போதுதான் கால் வீக்கம் வற்றி எழுந்து நடக்கிற மனுஷனுக்கு இதைக் கடிதத்தில் எழுதக் கூடாது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று வந்தேன். அதற்காகத்தான் வந்தேன். நீங்கள் எழுந்து வரவில்லை.

இப்போது எல்லாக் கடிதத்தையும் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை. உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பூவிழி


சிறை,
20.1.2025

பூவிழிக்கு,

இதைப் படிக்கிற வார்டர் மேலே கொடுத்தாலும் கொடுக்கட்டும். கேசுக்கு இது கெடுதல் என்று தெரியும். நான்கு முறை எழுதிக் கிழித்து ஐந்தாவது முறையாக எழுதுகிறேன்.

குடகு என்று உன்னிடம் பொய் சொன்னது நான். அவன் வரமாட்டேன் என்றான். ஒரே ஒரு தடவைதான், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டோம் என்று சொல்லி இழுத்துப் போனதும் நான்தான்.

விடிந்து நன்றாக வெயில் வந்த பிறகுதான் போலீஸ்காரர்கள் வந்தார்கள். விசில் சத்தம் கேட்டது. எல்லாரும் சரிவில் இறங்கி ஓடினோம். அவன் எனக்குப் பின்னால் இருந்தான். பாறை இடுக்கில் அவன் பாதம் சிக்கிக்கொண்டது. "மாமா, காலு மாட்டிக்கிச்சு" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். இருபது அடி இருக்கும். கையை நீட்டிக்கொண்டிருந்தான். "மாமா, இரு" என்றான். நான் பார்த்தேன், பூவிழி. காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு ஓடினேன்.

அவன் அங்கேயே இருந்திருந்தால் அவனையும் பிடித்து வண்டியில் ஏற்றியிருப்பார்கள். காலை உருவிக்கொண்டு தனியாக வேறு பக்கம் இறங்கப் பார்த்து விழுந்திருக்க வேண்டும். நான் கீழே தடுக்கி விழுந்து பிடிபட்டேன். வண்டியில் தலை எண்ணினார்கள். பதினொன்று. நானும் எண்ணினேன். நாங்கள் போனது பன்னிரண்டு பேர். அவன் தப்பித்துவிட்டான் என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பள்ளத்தில் ஒரு உடல் கிடைத்ததாக வார்டர்கள் பேசிக்கொண்டார்கள். சட்டை நிறத்தையும் சொன்னார்கள்.

டாக்டர் சொல்வது சரிதான். என் காலில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கும் இல்லை. அது நன்றாகத்தான் ஓடியது. அந்தக் காலை வைத்துக்கொண்டு பாட்டுக்குத் தாளம் போட என்னால் முடியவில்லை. நீ வந்திருப்பதாக வார்டர் சொன்னபோது எழுந்திருக்கப் பார்த்தேன். நீ அவனைப் பற்றிக் கேட்பாய் என்று நினைத்ததும் கால் நின்றுவிட்டது.

நான் செய்தது இதுதான். இனி உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

பூபாலன்


சிறை,
9.3.2025

பூவிழிக்கு,

நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. உன்னிடமிருந்து பதில் இல்லை. கேட்க எனக்கு வாயில்லை. நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அந்தக் கடிதத்தை வார்டர் என் எதிரிலேயே நின்று படித்தார். இரண்டு பக்கமும் படித்துவிட்டு மடித்து உறையில் போட்டு ஒட்டினார். யாரிடமும் கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் தபால் கட்டை எடுத்துக்கொண்டு பத்தரை மணிக்குக் கொட்டடிக் கதவுக்கு வருவார். முன்பெல்லாம் கண்ணாயிரம் அண்ணன் போய் எனக்கும் சேர்த்து வாங்கி வருவார். பிப்ரவரியில் ஒருநாள் அவருக்குக் கோர்ட்டு. கதவு என் இடத்திலிருந்து முப்பது அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாளும் போனேன். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது, தெரிந்தும் போனேன். இப்போது சுவரைத் தொடாமல் போக முடிகிறது. கால் நடுங்குகிறது, விழவில்லை.

இதை நீ பாராட்ட வேண்டும் என்று எழுதவில்லை. பொய்யாக நூறு என்று எழுதினேன் அல்லவா, நிஜம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு நாளைக்கு அறுபது அடி. போக முப்பது, வர முப்பது.

பூபாலன்


பாறைக்கொல்லை,
6.4.2025

அபிநயா அப்பாவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். நான் வேலைக்குப் போய் வருகிறேன்.

இரண்டு கடிதமும் கிடைத்தது. முதல் கடிதத்தைப் பத்து நாள் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு யார் வீட்டிலும் உட்கார்ந்து பிரஷர் பார்க்க முடியவில்லை. பிறகு அம்மாவிடம் எடுத்துப் போய் முழுதாகப் படித்துக் காட்டினேன். "மாமா, இரு" என்ற இடத்தில் நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். அம்மா, "படி" என்றாள். படித்தேன். அவள் எழுந்து புளி அடிக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடும் பேசவில்லை. படித்தவள் நான் என்பதால் என் மேலும் கோபம்.

போன வாரம் அவளாகவே வந்தாள்.

"அவன எப்ப வுடுவாங்களாம்?" என்றாள்.

"வர்ற மாசம் பெயில் கெடைக்கும்னு வக்கீல் சொல்றாரும்மா."

"வந்தா மொதல்ல என் வூட்டுக்கு வரச் சொல்லு. லெட்டர்ல எழுதனது எனக்கு வாணாம். எம்மூஞ்சியப் பாத்து சொல்லட்டும். உக்காந்துகினு இல்ல. நின்னு சொல்லட்டும்."

"சொன்னா இன்னா பண்ணுவ?"

"அத நான் அப்ப பாத்துக்கறேன். நீ எழுது" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். சில நாள் காலையில் எழுந்ததும் உங்கள் மேல் பரிதாபமாக இருக்கிறது. மத்தியானத்துக்குள் அது போய்விடுகிறது. அவன் கை நீட்டிக்கொண்டு நிற்பதுதான் தெரிகிறது. எனக்கு எது நிற்கும், எது போகும் என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா வீட்டுக்குப் போகிற வழி உங்களுக்குத் தெரியும். ரோடு முடிகிற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏற்றம். பைக் ஏறாது. டோலி கட்டித் தூக்கி வருவதை அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள், நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறுபது அடி போதாது. முற்றத்தில் விடும்போது யார் கையையும் பிடிக்காமல் சுற்றுங்கள். இந்த வாரம் ஒரு சுற்று, அடுத்த வாரம் இரண்டு. படி ஒன்று இருந்தால் ஏறி இறங்குங்கள், முதலில் பத்து முறை. மூச்சு வாங்கினால் நின்று, மறுபடி ஏறுங்கள். எத்தனை முறை முடிந்ததோ அதை அப்படியே எழுதுங்கள். குறைவாக இருந்தாலும் சரி.

ஏற்றத்தில் உங்கள் கையைப் பிடிப்பேன் என்று என்னால் சொல்ல முடியாது. ரோடு முடிகிற இடத்தில் வந்து நிற்பேன்.

பூவிழி